சீப்பக்கா வாரிய கரை

கடற்கரையைக் கூட்டுகிறவளுக்குக் கடல்மேல் தனிப் பிரியம் இருக்கும் என்று நினைப்பது, கடலோரம் குடியிருக்காதவர்களின் வழக்கம். சீப்பக்காவைப் பொறுத்தவரை கடல் என்பது, விடிவதற்குள் தன் வாசலில் குப்பையைக் கொட்டிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல முகத்தை வைத்துக்கொள்ளும் பக்கத்து வீடு. பாசி, சருகு, சுள்ளி, கிழிந்த வலைத்துண்டு, செத்த நண்டு என்று அது தினமும் கொட்டியது. இவள் தினமும் வாரினாள். இருபது வருஷத்துக்கு மேல் நடந்த இந்தச் சண்டையில் ஒரு நாள்கூட அவள் தோற்கவில்லை. வினையே அதுதான்.

நகராட்சிப் பதிவில் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. சம்பளத்தன்று மட்டும் அதைக் கூப்பிடுவார்கள். அவளும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு விநாடி சும்மா நிற்பாள். மற்ற நாளெல்லாம் சீப்பு, வயதில் சின்னவர்களுக்குச் சீப்பக்கா. இரும்புப் பல் வைத்த வாரியை இழுத்துக்கொண்டே அவள் பின்பக்கமாக நடப்பாள். காலடித் தடத்தின் மேலேயே வாரி வந்துவிடும் என்பதால், கூட்டியவள் நடந்த அடையாளம்கூட மணலில் தங்காது. குளித்துவிட்டு வந்த பெண்ணுக்குத் தலை வாரிவிட்டதுபோலக் கரை முழுக்க நேர்நேராகக் கோடு ஓடும். அந்த மணலில் கால் வைக்கவே மனசு வரவில்லை என்று உலாவ வருகிறவர்கள் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே வைப்பார்கள்.

வாரிய கரைக்கு நேர் பின்னால் அவளுடைய வீடு. ஐஸ் கம்பெனியில் காவலாளியாக இருந்த கணவரும் அவளும் சேர்ந்து, ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் நடுவே மூச்சு வாங்கி மூச்சு வாங்கிக் கட்டிய இரண்டறை வீடு. முன்னறை ஜன்னலைத் திறந்தால் தடுப்பதற்கு ஒரு புல்கூட இல்லாமல் கடல் தெரியும். வருகிறவர்களை முதலில் அந்த ஜன்னல் பக்கம்தான் உட்காரச் சொல்வாள்.

கரை மொத்தத்துக்கும் அவள் பொறுப்பில்லை. சாலையிலிருந்து இறங்கும் கல் படிக்கட்டுதான் எல்லை. படிக்கு வடக்கே இவள். தெற்கே இவளுடைய நாத்தனார், கணவரின் ஒரே தங்கை. அவளுக்கு ஊர் வைத்த பெயர் 'நாளைக்கு'. ஒரு வேலையைச் சொன்னால் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். பெரும்பாலும் கடைசி வார்த்தையும். கட்டிய புருஷன் கைவிட்டுப் போய் அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றபோது, மேற்பார்வையாளரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் சீப்பக்காதான். நாத்தனார் நன்றாக இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். வேறு வீட்டில் நன்றாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். இரண்டும் நடந்தன. தெற்குக் கரைக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு ஒரு வீடு கட்டிக்கொண்டு நாளைக்கு குடிபோனாள்.

அவள் வேலை பார்த்ததைப் பார்த்தவர்கள் குறைவு. படிக்கட்டுக்குப் பக்கத்தில், மேற்பார்வையாளர் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை நாலு இழுப்பு இழுப்பாள். பிறகு தென்னை நிழலில் வாரியைச் சாய்த்துவிட்டு, அதற்குத் துணையாகத் தானும் சாய்ந்துகொள்வாள். தெற்கே பாசி காய்ந்து, சருகு சேர்ந்து, அதன்மேல் மணல் ஏறி, கரை அம்மை போட்ட முகம் மாதிரி மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. வடக்கே கண்ணாடி. இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம். சீப்பக்காவின் நெஞ்சில் தைத்த முள் இதுதான். அதை எடுக்க அவள் முயலவில்லை, அவ்வப்போது தடவிப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு நாள் அந்த முள் வேலை செய்தது. வாரிய குப்பையைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சாலைக்கு அப்பால் இருக்கும் குழிவரை தள்ள வேண்டும். ஈரப் பாசி கல்லாகக் கனக்கும். மணலில் சக்கரம் புதையும். அன்று இடுப்பு வலி வேறு. படிக்கட்டுப் பக்கம் வந்தவள் தெற்கே பார்த்தாள். அங்கே ஏற்கெனவே அத்தனை குப்பை. அதோடு இதுவும் கிடந்தால் யார் எடை போட்டுப் பார்க்கப்போகிறார்கள்? பார்த்தால்தான் என்ன, திட்டு வாங்கப்போவது யார்? வண்டியை அந்தப் பக்கம் தள்ளி, அலை எட்டாத உயரத்தில் கவிழ்த்தாள். தண்ணீர் எட்டுகிற இடத்தில் போட்டால் மறுநாள் தன் பக்கமே மிதந்து வரும் என்கிற கணக்கு அவளுக்குத் தெரியும்.

இடுப்பு வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில், நாத்தனார் வருவதற்குள் (அவள் எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியாது) வண்டியைக் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவாள். நாளைக்கு ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கத் துப்பில்லை என்று சீப்பக்கா எடுத்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் தெற்குப் பக்கம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும்போதெல்லாம், வீட்டுக்குப் போய்க் கணவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு அவள்தான் பாடம். மிட்டாய்க் காகிதத்தைக் கீழே போட்டால் காதைத் திருகுவாள். சின்ன வாரி செய்து கொடுத்து, எப்படிப் பின்னால் நடந்து கோடு கோணாமல் இழுப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். வடக்குக் கரையை ஒட்டி அவள் வீட்டோடு வரிசையாக இருந்த வீட்டுக்காரர்கள் தங்கள் பங்குக்கு, சுத்தம் என்றால் சீப்பக்கா என்று வருகிற போகிறவர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்கள்.

கடல் எந்த வருஷம் கிட்ட வர ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். முதலில் வடக்கே இருந்த விளக்குக் கம்பம் சாய்ந்தது. கம்பம் நட்டவனைத் திட்டினார்கள். அடுத்து, உட்காருவதற்குப் போட்டிருந்த சிமெண்டுப் பலகை ஒன்று அடியில் மணல் இல்லாமல் பல்லிளித்துக்கொண்டு தொங்கியது. மணல் மெலிந்துகொண்டே வந்தது. சீப்பக்காவுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. அதையே இரண்டு வேளையாகக் கொடுத்தாள். காலையில் வாரியது போதாதென்று சாயங்காலமும் வாரினாள். உள்ளங்கையில் காய்ப்பு ஏறியது. கரை இளைத்தது. ஒரு பெரிய மழைக்காலத்தில் அலை வந்து வீட்டு வாசற்படியை நக்கிவிட்டுப் போனது. அதே நாளில் தெற்கே நாளைக்கு தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மழை விட்டதும் நகராட்சி ஒரு ஆளை அனுப்பியது. முக்காலியும் அதன்மேல் வைத்துப் பார்க்கிற குழாயுமாக வந்து கரையை அளந்ததால் அவர் அளவுக்காரர் ஆனார். கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்புவார் என்று வரிசை முழுக்கக் காத்திருந்தது. அவர் படிக்கட்டில் நின்று வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார், மறுபடி வடக்கே பார்த்தார். பிறகு தெற்கே போய், ஆள் உயரத்துக்கு எழும்பி நின்ற மணல்மேட்டில் ஏறி, அதன்மேல் படர்ந்திருந்த அடம்பங்கொடியைக் குழந்தையின் தலையைத் தொடுவதுபோலத் தொட்டார்.

"இங்க யாரும்மா வேலை பாக்குறது?"

நாளைக்கு தென்னை நிழலிலிருந்து எழுந்து வந்தாள். திட்டு விழப்போகிறது என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"என்ன செஞ்சீங்க இங்க?"

"ஒண்ணும் செய்யல சார்."

அவள் வாழ்க்கையில் சொன்ன முழு உண்மைகளில் அது ஒன்று. அளவுக்காரரின் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் இந்தப் பதிலைத் தேடித்தான் ஊர் ஊராக அலைந்தேன் என்பதுபோல அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். சீப்பக்கா பக்கத்தில் வாரியோடு நின்றாள்.

அவர் விளக்கினார். அவர் பேச்சில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் சீப்பக்காவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், திருப்பிச் சண்டை போட்டிருப்பாள். கரையில் ஒதுங்குகிற பாசியும் சருகும்தான் முதல் வேலி என்றார். காற்றில் பறக்கிற மணல் அதில் தடுக்கி விழும். விழுந்த மணலில் விதை முளைக்கும், கொடி படரும், கொடி இன்னும் மணலைப் பிடிக்கும். அப்படி மேடு வளரும். பெரிய அலை வரும்போது கடல் அந்த மேட்டிலிருந்து தனக்கு வேண்டியதைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போகும். அமைதியான நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கும்.

"அப்ப தெனமும் வாரிட்டே இருந்தா?" என்று சீப்பக்கா கேட்டாள். கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"தட்டுல ஒண்ணும் வைக்கலன்னா, கடல் சமையக்கட்டுக்குள்ள வந்து பாக்கும்மா."

உடனே, இது மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை, தூரத்தில் துறைமுகம் கட்டியிருக்கிறார்கள், ஆற்றில் மணல் வருவதில்லை என்று வேறு காரணங்களையும் அடுக்கினார். ஆறுதலுக்குச் சொன்னார். சீப்பக்கா அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ளவில்லை. துறைமுகம் கட்டியவன் தன் வேலையை ஒரு நாளாவது அரைகுறையாகச் செய்திருப்பான். அவள் செய்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அந்த மேடு எதனால் ஆனது என்பது அவளுக்குத் தெரியும். தெற்கே ஒதுங்கிய பாசி கொஞ்சம். வண்டி வண்டியாகப் போய்ச் சேர்ந்த வடக்குப் பாசி மிச்சம். தன் வீட்டு வேலியைப் பிடுங்கி நாத்தனார் வீட்டுக்கு அரணாக வைத்திருக்கிறாள், அதுவும் அவளைத் திட்டு வாங்க வைப்பதற்காக. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அடுத்தவள் தலையில் போட்ட மண் அவளுக்கே குடையாகும் என்று யாரும் சொல்லவில்லை. இதை வெளியில் சொன்னால் மேடு தன்னுடையது என்றாகும். சொன்னால் சீப்பு என்ற பெயர் போகும். மேட்டைத் தூக்கிக்கொண்டு வடக்கே வர முடியாது, பெயர் மட்டுமாவது கையில் இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

நகராட்சியின் முடிவு வந்தது. சுவர் கிடையாது. வடக்குக் கரையில் சுள்ளிப் படல் நட்டு, அடம்பங்கொடி வைத்து, யாரும் கை வைக்காமல் விட வேண்டும். அடுத்த மழைக்குள் மேடு பிடித்துவிட்டால் வரிசை வீடுகள் இருக்கலாம். பிடிக்காவிட்டால் வடக்கு வீடுகளைக் காலிசெய்ய வேண்டும். வேலை முழுவதுக்கும் பொறுப்பு, இயற்கை முறையில் அனுபவம் உள்ளவரான நாளைக்கு. அவளுக்குக் கீழே சீப்பக்கா.

படல் நட்டார்கள். கொடி வைத்தார்கள். பிறகு சீப்பக்காவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, சும்மா இருப்பது. அவள் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வேலையைச் செய்ததில்லை. விடிந்ததும் கை தானாக வாரியைத் தேடும். கரையில் உட்கார்ந்து, பாசி ஒதுங்குவதைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் தாங்க முடியாமல், சிதறிக் கிடந்த பாசியையாவது ஒரே வரிசையாக அடுக்கலாமே என்று குனிந்தாள். நாத்தனார் நிழலிலிருந்தே குரல் கொடுத்தாள். "அண்ணி, என்ன அது? வேலை நேரத்துல வேலையெல்லாம் செய்யக் கூடாது."

சாயங்காலம் மேற்பார்வைக்கு என்று எழுந்து வந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொல்வாள்: "நல்லா வேலை பாத்திருக்கீங்க அண்ணி. ஒண்ணுமே நடக்கல."

ஆனால் நடந்தது. படலின் அடியில் மணல் முழங்கால் உயரம் சேர்ந்தது. கொடி வேர் பிடித்து, ஒரு நுனி கடலைப் பார்த்து நீண்டது. சீப்பக்கா அந்த நுனிக்குப் பக்கத்தில் ஒரு சிப்பியை வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் நுனி சிப்பியைத் தாண்டியிருந்தது. ஜன்னலில் கடல் கொஞ்சம் மறைந்தது. கணவர் அதைச் சொன்னபோது, மறையட்டும், பார்த்தது போதும் என்றாள். அந்த மாதங்களில் அவள் ஒரு குப்பையைப் பார்த்துச் சந்தோஷப்படக் கற்றுக்கொண்டாள். அந்த வயதில் அது லேசான காரியமில்லை.

வரிசை வீட்டுக்காரர்களுக்கு அந்தப் படிப்பு ஏறவில்லை. அளவுக்காரர் சொன்னபோது எல்லாரும் தலையாட்டியவர்கள்தான். பாசி அழுகி நாற்றம் எடுத்ததும் தலையாட்டியது மறந்துவிட்டது. ஈ மொய்த்தது. உலாவ வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சீப்புக்குப் பல்லு விழுந்துடுச்சு என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி சொன்னாள். அது அன்று மாலைக்குள் வரிசை முழுக்கப் பரவியது. சீப்பக்கா காதில் விழுந்தது. எல்லாரையும் கூப்பிட்டு இன்னொரு தடவை விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் விளக்கம் சொல்வது நாத்தனாரின் உத்தியோகம். அவளிடம் சொன்னாள். அவள் சொன்ன பதிலை எழுத வேண்டியதில்லை.

மழைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, நகரத்தில் ஒரு பெரிய கூட்டம் வைத்தார்கள். கரையைக் கரையாலேயே காப்பது எப்படி என்று நாத்தனார் பேச வேண்டும். துணைக்கு அண்ணி வந்தால்தான் போவேன் என்றாள். காலையில் வண்டி வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டது. மேடையில் நாளைக்கு, ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு மன உறுதி வேண்டும் என்று பேசினாள். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சீப்பக்காவும் தட்டினாள். கொடி இந்நேரம் எத்தனை விரல் நீண்டிருக்கும் என்பதுதான் அவள் யோசனை.

பொழுது சாய்வதற்குள் திரும்பினார்கள். படிக்கட்டில் வரிசை வீட்டார் கூட்டமாக நின்றிருந்தார்கள். பிள்ளைகள், பெரியவர்கள், குழாயடிக்காரி எல்லாரும். எல்லார் முகத்திலும் வியர்வையும் சிரிப்பும். வண்டியிலிருந்து இறங்கிய சீப்பக்காவின் கையைப் பிடித்துக் குழாயடிக்காரி படிமேல் நிறுத்தினாள்.

"பாருக்கா. ஒனக்கு வயசாயிடுச்சு, முன்ன மாதிரி முடியல. நாங்க வாய்க்கு வந்தபடி பேசிட்டோம். அதான் எல்லாருமா சேர்ந்து செஞ்சுட்டோம்."

வடக்குக் கரை கண்ணாடிபோலக் கிடந்தது. படிக்கட்டிலிருந்து வீட்டு வாசல்வரை நேர்நேராகக் கோடு. ஒரு காலடித் தடம் இல்லை. பிள்ளைகள் பின்பக்கமாக நடந்து வாரியிருந்தார்கள். முழங்கால் உயர மணலைச் சமமாகப் பரப்பியிருந்தார்கள். பிடுங்கிய படல்களை மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று அவள் வீட்டுச் சுவரோரம் விறகுபோல அடுக்கியிருந்தார்கள். கோணல் இல்லாத அடுக்கு. அவளே செய்திருந்தாலும் அதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

"கொடி, பாசியெல்லாம்?" என்று கேட்டது நாளைக்குதான்.

"எங்க போடுவோம்? அக்கா எப்பவும் போடுற எடத்துலதான்," என்று குழாயடிக்காரி தெற்கு மேட்டைக் காட்டினாள். "வழக்கத்த மாத்துவோமா?"

வரிசை முழுக்கத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமாக, இருட்டு பிரிவதற்கு முன் அவள் தள்ளிய வண்டியின் சக்கரச் சத்தத்தில்தான் பாதி வீடுகள் விழித்திருக்கின்றன. சீப்பக்கா திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். நாளைக்கு சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி," என்றாள். "ஒரு நாள் எல்லாத்தையும் அள்ளி உங்க பக்கமே போடணும்னுதான் நெனச்சேன். நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போயிடுச்சு."

வரிசை வீட்டார் சீப்பக்காவின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பிள்ளைகள் முன்வரிசையில் நின்றார்கள். சிலர் கையில் அவள் செய்து கொடுத்த வாரி. திட்ட வேண்டுமென்றால் முதலில் தன்னைத் திட்டிக்கொண்டு பிறகு இவர்களுக்கு வர வேண்டும், அவ்வளவு தூரம் நடக்க அவளுக்குத் தெம்பில்லை.

"நல்லா செஞ்சிருக்கீங்க," என்றாள் சீப்பக்கா. "கோடு கோணவே இல்ல."

செய்தி கேட்டு வந்த அளவுக்காரர் மறுபடி கொடி வைத்துப் பார்த்தார். வேர் பிடிக்க நேரமில்லை என்பது அவருக்கும் தெரியும், கொடிக்கும் தெரியும். மழை வந்தது. தட்டில் ஒன்றும் இல்லாததால் கடல் சமையல்கட்டுவரை வந்தது. வந்தது திரும்பிப் போகும்போது முன்னறையையும் ஜன்னலையும் எடுத்துக்கொண்டு போனது. மிச்சத்தை நகராட்சி இடித்தது. வடக்கு வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். குழாயடிக்காரி சாமான்களோடு வண்டி ஏறும்போதும், நாங்க அன்னைக்கு அவ்வளவு சுத்தம் பண்ணியும் இப்படி ஆயிடுச்சே என்றுதான் சொன்னாள்.

சீப்பக்காவும் கணவரும் போக வேறு இடம் இல்லை. தெற்கே, மேட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே ஒரு ஓரம் கிடைத்தது. கணவர் தன் பெட்டியை ஒரு மூலையில் வைத்தார். அந்த வீட்டுக்கு அலைச் சத்தம் வருமே தவிர அலை வராது. எந்த ஜன்னலைத் திறந்தாலும் மேடுதான் தெரியும்.

இப்போது வெளியூர்களிலிருந்து ஆட்கள் அந்த மேட்டைப் பார்க்க வருகிறார்கள். நாளைக்கு கட்டிலை வாசலில் போட்டு உட்கார்ந்து பதில் சொல்கிறாள். ஒன்றும் செய்யாமல் இருப்பது ரொம்பக் கஷ்டம், வேண்டுமானால் எங்கள் அண்ணியைக் கேளுங்கள் என்பாள். அதில் கேலி இருக்கிறதா என்று சீப்பக்கா எவ்வளவோ உற்றுப் பார்த்துவிட்டாள். இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வந்தவர்கள் அவளைப் பார்த்து, நீங்களும் இங்கேதான் வேலை பார்த்தீர்களா என்று கேட்பார்கள்.

"பக்கத்துல," என்பாள்.

அவர்கள் போனதும் வாசல் முழுக்கச் செருப்புத் தடமாக இருக்கும். சீப்பக்கா விளக்குமாற்றை எடுப்பாள். விடுங்க அண்ணி, நாளைக்குப் பாத்துக்கலாம் என்று கட்டிலிலிருந்து குரல் வரும். காதில் வாங்காமல், வீட்டு வாசலிலிருந்து பின்பக்கமாக நடந்து, கோடு கோணாமல், ஒவ்வொரு தடமாக அழித்துக்கொண்டே போவாள், முதுகு மேட்டில் இடிக்கும்வரை.